ஹம்மிங் பறவையின் உறவுமுறையைத் தேட ஜென்பேங்க், பிளாஸ்ட்: டெல்டா விலங்கியல் ஆசிரியர் ஒருவரின் மதிப்புரை

பறவைகளின் வகைப்பாட்டை மரபணுச் சான்றோடு கற்பிக்க விரும்பும் ஆசிரியர் எந்தச் சேவையில் தொடங்கலாம் என்று என்னிடம் கேட்டால், தயக்கமின்றி டி.என்.ஏ. தொடர்களைச் சேர்த்துவைக்கும் ஜென்பேங்க் தரவுத்தளத்தையும், அதில் ஒத்த தொடர்களைக் கண்டெடுக்கும் பிளாஸ்ட் தேடல் சேவையையும் சொல்வேன். அமெரிக்க அரசின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம் இவ்விரண்டையும் நடத்துகிறது. ஜென்பேங்க் 1982இல் தொடங்கியது; அதை இப்போது பராமரிக்கும் மையம் 1988இல் அமைந்தது; பிளாஸ்ட் 1990இல் வெளிவந்தது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள இணைத் தரவுத்தளங்களோடு ஜென்பேங்க் தன் பதிவுகளை நாள்தோறும் பரிமாறிக்கொள்கிறது. எனவே உலகின் எந்த மூலையில் ஓர் ஆய்வாளர் ஒரு பறவையின் டி.என்.ஏ. தொடரைப் பதிவேற்றினாலும், மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ இருக்கும் கல்லூரி மாணவர் அதைக் கட்டணமின்றி, கணக்குக்கூடத் தொடங்காமல், எடுத்துப் படிக்க முடிகிறது. பாடநூலுக்கே நூலகத்தில் வரிசையில் நிற்கும் மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதை நகரத்துப் பெரிய கல்லூரிகளில் பணியாற்றுவோர் முழுமையாக உணர்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

காவிரிப் படுகையில் ஹம்மிங் பறவையே கிடையாது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே அது எங்கும் காட்டில் வாழ்வதில்லை. அப்படியிருக்க அதன் வகைப்பாட்டை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். இங்குள்ள மாணவர்களில் பெரும்பாலோர் ஹம்மிங் பறவையைக் கைபேசிக் காணொளிகளில் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக் கொல்லையில் செம்பருத்தியைச் சுற்றிவரும் தேன்சிட்டைக் காட்டி, அதுவும் ஹம்மிங் பறவைதான், அல்லது அதன் நெருங்கிய உறவு என்று உறுதியாக நம்புகிறார்கள். நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது: இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் நீண்ட மெல்லிய அலகு, இரண்டின் ஆண் பறவைகளும் வெயிலில் மினுமினுக்கின்றன, இரண்டும் பூவின் மதுவை உண்கின்றன. ஆனால் தேன்சிட்டு, காகமும் சிட்டுக்குருவியும் அடங்கிய பாசரின் வரிசையைச் சேர்ந்தது. ஹம்மிங் பறவையின் உண்மையான உறவினர் நம் ஊரில் வேறோர் இடத்தில் இருக்கிறார்: பனைமரத்தின் காய்ந்த மட்டைகளுக்கிடையில் குடியிருந்துகொண்டு, மாலையில் நடவு வயலுக்கு மேலே பூச்சி பிடித்துத் திரியும் பனை உழவாரன். பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலாலேயே ஒட்டிக் கூடு அமைத்து, முட்டைகளையும் அதே எச்சிலால் ஒட்டிவைக்கும் இந்தப் பறவைக்குப் பூவோடு எந்தத் தொடர்பும் இல்லை. மங்கிய பழுப்பு நிறம், குட்டையான அலகு, கிளையில் அமரவே உதவாத சிறு கால்கள். பார்வைக்கு எந்தப் பொருத்தமும் காட்டாத இந்த இரண்டு பறவைகளை ஒரே வரிசையில் வைப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான், என் வகுப்பில் இச்சேவையின் முதன்மையான பயன்.

தோற்றத்தை வைத்து உறவைக் கணிப்பது ஏன் தவறக்கூடும் என்பதை டெல்டா மாணவர்களுக்கு விளக்க நம் ஆறுகளே போதும். கடற்கரைப் பக்கம் சென்றால் அரசலாறும் வெட்டாறும் அருகருகே ஓடி, ஒன்று காரைக்காலிலும் மற்றது நாகூரிலும் கடலில் சேர்வதைப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே ஆற்றிலிருந்து அண்மையில் பிரிந்தவை என்றே தோன்றும். மேல்நோக்கி நடந்தால்தான் அரசலாறு காவிரியிலிருந்தும் வெட்டாறு வெண்ணாற்றிலிருந்தும் பிரிகின்றன என்பதும், இரண்டின் பாதையும் சந்திக்கும் இடம் கல்லணை வரை தள்ளியிருக்கிறது என்பதும் புலப்படும். தேன்சிட்டும் ஹம்மிங் பறவையும் இன்று அருகருகே ஓடுகின்றன. அவை பிரிந்த இடமோ வெகு மேலே இருக்கிறது. அந்த இடத்துக்கு நம்மை அழைத்துச் செல்வது மரபணு. (இதைச் சொன்னவுடன் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் தேதியைப் பற்றிய விவாதம் வகுப்பில் தொடங்கிவிடும் என்பதையும் ஆசிரியர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும்.)

ஜென்பேங்கின் ஒரு பதிவைத் திறந்து பார்ப்பதே தனிப் பாடமாக அமையும். மேலே பதிவெண், தொடரின் நீளம், சிற்றினத்தின் அறிவியல் பெயர். அதன் கீழே முதுகெலும்பிகள், பறவைகள் என்று படிப்படியாக இறங்கி, ஹம்மிங் பறவைகளின் குடும்பமான ட்ரோக்கிலிடே வழியாகப் பேரினத்தில் முடியும் வகைப்பாட்டுப் படிநிலை. பிறகு அந்தத் தொடரை வெளியிட்ட ஆய்வாளர்களின் பெயர்களும் கட்டுரைத் தலைப்பும். அதற்கும் கீழே, பலர் பார்க்காமலே கடந்துபோகும் ஒரு வரியில், சான்று மாதிரியின் எண் இருக்கும். அந்த டி.என்.ஏ. எந்தப் பறவையிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தப் பறவை எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணோடு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்கிறது. என் மாணவர்களை முதலில் இந்த வரியைத் தேடச் சொல்வேன். சான்று மாதிரி உள்ள பதிவைப் பின்னொரு நாளில் யாரும் சரிபார்க்கலாம். அது இல்லாத பதிவை அதன் பெயர்ச்சீட்டை நம்பித்தான் ஏற்க வேண்டியிருக்கும். பக்கத்தின் அடியில், வரிக்கு 60 எழுத்துகள் வீதம், பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்டு, டி.என்.ஏ.வின் நான்கு வேதி அலகுகளைக் குறிக்கும் நான்கே எழுத்துகளால் ஆன அந்தத் தொடர் ஓடுகிறது. பறவைகளில் என்.டி.2 எனப்படும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) மரபணு ஏறத்தாழ 1041 எழுத்துகள் கொண்டது. திரையில் 18 வரிகளுக்குள் முடிந்துவிடும். ஆண்டிஸ் மலையில் பறந்த ஒரு பறவையின் உடலிலிருந்து வந்த அந்த 18 வரிகளைக் கும்பகோணத்தில் உட்கார்ந்து ஒரு மாணவி விரல் வைத்துப் படிப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பிளாஸ்ட் பக்கத்தில் அந்தத் தொடரையோ பதிவெண்ணையோ ஒட்டித் தேடச் சொன்னால், தரவுத்தளம் முழுவதிலும் ஒத்த தொடர்களைத் தேடி, ஒப்புமை மிகுந்தவற்றை மேலே வைத்துப் பட்டியல் தருகிறது. பட்டியலில் மூன்று எண்களைப் படிக்கக் கற்றால் போதுமானது: நாம் கொடுத்த தொடரில் எவ்வளவு பகுதி பொருந்தியது, பொருந்திய பகுதியில் எத்தனை விழுக்காடு எழுத்துகள் ஒன்றாக உள்ளன, இத்தகைய பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை கிடைக்கக்கூடும். தேடலை ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்குள்ளோ வரிசைக்குள்ளோ குறுக்கிக்கொள்ளும் வசதி கற்பித்தலுக்கு மிகவும் உதவுகிறது. முடிவுகளிலிருந்து ஒரு கிளைப்படத்தையும் அந்தப் பக்கத்திலேயே வரைந்து பார்க்கலாம். ஒரே ஒரு கவனம் தேவை: முடிவுகள் அந்தத் தளத்தில் நீண்ட நாள் இருப்பதில்லை, தேவையானவற்றை உடனே பதிவிறக்கிக்கொள்வது நல்லது.

எந்த மரபணுவைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ஆசிரியரின் திறமை வெளிப்பட வேண்டும். என்.டி.2 போன்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் விரைவாக மாறுபவை. இரண்டு ஹம்மிங் பறவைச் சிற்றினங்களை ஒப்பிட அவை மிகப் பொருத்தமானவை. ஆனால் ஹம்மிங் பறவையையும் உழவாரனையும் தேன்சிட்டையும் ஒப்பிடும்போது, பல கோடி ஆண்டுகளில் ஒரே இடத்தில் எழுத்துகள் மீண்டும் மீண்டும் மாறியிருப்பதால் பழைய உறவின் தடயம் மங்கிவிடுகிறது. அவ்வளவு தொலைவுக்குச் செல்லின் உட்கருவில் உள்ள ராக்-1 போன்ற மெதுவாக மாறும் மரபணுவை எடுத்துக்கொள்வதே முறை. 2014இல் வெளியான 48 பறவைகளின் முழு மரபணுத்தொகுதி ஆய்வில் அன்னா ஹம்மிங் பறவையும் உழவாரன் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்கப் பறவையும் இடம்பெற்றன. அங்கும் இவ்விரண்டும் இணைந்தே நின்றன, அவற்றுக்கு அடுத்த உறவாக இரவில் பூச்சி பிடிக்கும் நம் ஊர்ப் பக்கியின் குடும்பத்தைச் சேர்ந்த பறவை நின்றது. பாசரின் பறவைகள் வெகு தொலைவில் வேறு கிளையில் இருந்தன. உழவாரனும் ஹம்மிங் பறவையும் உறவினர் என்பதை உடற்கூறியல் அறிஞர்கள் சிறகின் குட்டையான மேற்கை எலும்பையும் நீண்ட கைப்பகுதியையும் கொண்டு முன்பே சொல்லியிருந்தார்கள் என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். மரபணு வந்தவுடன் பழைய அறிவெல்லாம் பொய்த்துவிட்டது என்ற எண்ணம் அவர்களிடம் வளரக் கூடாது.

ஆனால் ஹம்மிங் பறவைக் குடும்பத்துக்குள்ளேயே நுழைந்தால், மரபணு பழைய வகைப்பாட்டைப் பெரிதும் கலைத்துப்போட்டிருப்பதைக் காணலாம். இந்தக் குடும்பத்தில் 360க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. கியூபாவில் வாழும் ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ள தேனீ ஹம்மிங் பறவையிலிருந்து, ஆண்டிஸ் மலைத்தொடரின் 20 கிராம் அளவுள்ள பெரும் ஹம்மிங் பறவை வரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலகின் வடிவத்தையும் கழுத்து மினுமினுப்பின் நிறத்தையும் கொண்டு இவற்றைப் பேரினங்களாகப் பிரித்தார்கள். அந்த மினுமினுப்பு நிறமியால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது. நுண்ணமைப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் நிறம் வேறாகிவிடும் என்பதால், நெருங்கிய உறவினர் வேறு நிறம் பெறுவதும், தொலைவான உறவினர் ஒரே நிறம் பெறுவதும் எளிதாக நிகழ்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம்மி மெக்குவயரும் அவரோடு பணியாற்றியவர்களும் 284 சிற்றினங்களின் மைட்டோகாண்ட்ரியா, உட்கரு மரபணுக்களை ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வு, இக்குடும்பத்தை ஒன்பது பெருங்கிளைகளாகப் பிரித்துக் காட்டியது. ஹம்மிங் பறவைகளின் மரபு உழவாரன்களின் மரபிலிருந்து சுமார் 4.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்றும், இன்று வாழும் எல்லா ஹம்மிங் பறவைகளின் பொது மூதாதை தென் அமெரிக்காவில் சுமார் 2.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்றும் அவர்கள் கணித்தார்கள். அமேசிலியா என்ற பேரினம் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் அல்லாத பறவைகளின் தொகுப்பு என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாகி, 2017இல் அதன் உறுப்பினர்களைப் பல பேரினங்களுக்குப் பிரித்தளிக்கும் மறுவகைப்பாடு முன்வைக்கப்பட்டது. பெரும் ஹம்மிங் பறவையின் கதை இன்னும் வியப்பானது. நெடுங்காலம் ஒரே சிற்றினம் என்று கருதப்பட்ட அது, கண்ணுக்கு வேறுபாடே தெரியாத இரண்டு சிற்றினங்கள் என்பதும், அவை 20 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன என்பதும், மரபணுத்தொகுதியையும் பறவைகளின் முதுகில் பொருத்திய சிறு கருவிகளையும் கொண்டு 2024இல் நிறுவப்பட்டன. இத்தகைய ஆய்வுகளின் தொடர்கள் தரவுத்தளத்தில் வைக்கப்படுவதால், ஆய்வாளர்கள் நடந்த அதே பாதையில் நம் மாணவர்களும் ஓரளவு நடந்து பார்க்கலாம்.

தேன்சிட்டுப் பக்கமும் மரபணு ஓர் அரிய செய்தியைச் சொல்கிறது. இனிப்பை உணர மற்ற முதுகெலும்பிகளுக்குத் தேவையான ஒரு மரபணுவைப் பறவைகளின் மூதாதை இழந்துவிட்டது. ஹம்மிங் பறவையில் புரதச் சுவையை உணரும் ஏற்பி (சுவையைப் பிடித்து உணர்த்தும் புரதம்) மாறி இனிப்பை உணரக் கற்றது என்பது 2014இல் வெளியானது. தேன்சிட்டு அடங்கிய பாடும் பறவைகளிலும் அதே ஏற்பி தனியாக, வேறு மாற்றங்களால், இனிப்பை உணரும் திறனைப் பெற்றது என்பது 2021இல் வெளியானது. செம்பருத்தியின் அடிப்பகுதியை அலகால் துளைத்து மதுவை உறிஞ்சும் நம் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும், அந்தரத்தில் நின்று மதுவை நக்கும் ஹம்மிங் பறவையும் ஒரே சுவைக்குத் தனித்தனி வழியில் வந்து சேர்ந்தவை.

இனி இச்சேவையின் வரம்புகள். முதலாவது, பிளாஸ்ட் பட்டியலில் முதலில் நிற்பது நெருங்கிய உறவினராக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒப்புமை வேறு, மரபுவழி வேறு. ஒரு கிளையில் மாற்றம் மெதுவாக நடந்திருந்தால் தொலைவான உறவினர்கூட மேலே வந்து நிற்கலாம். உறவைத் தீர்மானிக்கத் தொடர்களை எழுத்துக்கு எழுத்து நேராக முறையாக வரிசைப்படுத்தி, மெகா போன்ற இலவச மென்பொருளில் மரபுவழி மரம் வரைந்து, அதன் கிளைகள் எவ்வளவு உறுதியானவை என்றும் சோதிக்க வேண்டும். பிளாஸ்ட் பக்கத்தில் கிடைக்கும் கிளைப்படத்தை ஆய்வேட்டில் அப்படியே ஒட்டும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே வருவது. ஹம்மிங் பறவைகளில் கலப்பினங்கள் அரிதல்ல என்பதால் இது பெரிய சிக்கல். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பொன்னிறக் கழுத்துள்ள ஒரு ஹம்மிங் பறவை கிடைத்தபோது புதிய சிற்றினமோ என்று ஐயம் எழுந்தது. மைட்டோகாண்ட்ரியா தொடர், இளஞ்சிவப்புக் கழுத்துள்ள ஹீலியோடாக்சா பேரினச் சிற்றினம் ஒன்றோடு அப்படியே பொருந்தியது. உட்கரு டி.என்.ஏ.வையும் ஆராய்ந்த பிறகே, அது இரண்டு இளஞ்சிவப்புக் கழுத்துச் சிற்றினங்களின் கலப்பால் பிறந்த மரபைச் சேர்ந்தது என்பது தெரிந்து 2023இல் வெளியானது. பெற்றோர் இருவருக்கும் இல்லாத நிறம் பிள்ளைக்கு வந்திருக்கிறது. ஒற்றை மரபணுவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. மாணவர்களும் இதைக் கேட்ட பிறகு மறப்பதில்லை.

மூன்றாவது, பதிவின் பெயர்ச்சீட்டைப் பதிவேற்றியவரே எழுதுகிறார். தவறாக அடையாளம் காணப்பட்ட பறவையின் தொடர் தவறான பெயரோடு இருக்க வாய்ப்புண்டு. பேரினங்கள் மாற்றப்பட்ட குடும்பங்களில் பழைய கட்டுரையில் உள்ள பெயருக்கும் திரையில் தெரியும் பெயருக்கும் வேறுபாடு இருப்பது இயல்பு. தன் வகைப்பாட்டுப் பட்டியல் பெயரிடலுக்கு அதிகாரபூர்வமான ஆதாரம் அன்று என்று ஜென்பேங்கை நடத்தும் மையமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அதைப் படிக்காமலே தளத்தை மேற்கோள் காட்டும் கட்டுரைகளை மதிக்க இயலவில்லை.

நடைமுறைச் செய்திகளும் சில உண்டு. தளம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களுக்கு முதல் சில வகுப்புகளில் ஆசிரியர் உடனிருக்க வேண்டும். தொடர்கள் வெறும் எழுத்துகள் என்பதால் இணைய வேகம் குறைந்த ஊர்களிலும் பக்கம் திறக்கிறது. ஆனால் இரண்டு தொடர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பகுதியைக் கைபேசியின் சிறு திரையில் படிப்பது கண்ணுக்குக் கடினம், கணினி ஆய்வகமே ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்தடையை எண்ணி, தேவையான தொடர்களை முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும்: பறவையைப் பிடிப்பதற்கும் மாதிரி எடுப்பதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கோடியக்கரையிலும் வடுவூர் ஏரியிலும் கண்ணால் மட்டும் பறவை பார்க்கும் மாணவர்கள், ஓர் இறகைக்கூடத் தொடாமல் மரபணு வகைப்பாட்டைக் கற்றுக்கொள்ள இச்சேவை இடமளிக்கிறது.

இளநிலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு முதல் எவருக்கும் இதைப் பரிந்துரைப்பேன். பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் எண்களின் பொருள் புரியாமல் பட்டியலின் முதல் பெயரை விடையாக எழுதும் பழக்கம் அவர்களிடம் எளிதில் படிந்துவிடும். தொடங்குவோர் ராக்-1 மரபணுவில் ஒரு ஹம்மிங் பறவை, ஓர் உழவாரன், ஒரு பக்கி, ஒரு தேன்சிட்டு, ஒரு காகம், வெளியினமாக (ஒப்பீட்டுக்குச் சேர்க்கும் தொலைவான உறவாக) ஒரு கோழி என்று ஆறு தொடர்களை எடுத்துக்கொள்ளலாம். சான்று மாதிரி எண் உள்ள பதிவுகளுக்கு முதலிடம் கொடுங்கள். பிளாஸ்ட்டில் ஒப்புமையைப் பார்த்துவிட்டு, அதே ஆறையும் மெகாவில் வரிசைப்படுத்தி மரம் வரையுங்கள். இரண்டு முடிவுகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் அமேசிலியாவாக முன்பு அழைக்கப்பட்ட பறவைகளின் என்.டி.2 தொடர்களுக்குப் போகலாம்.